மாமாவின் துப்பல்

என் மாமியின் ஒழுக்கத்தில் நான் சந்தேகப்பட்டது மொத்தம் பதினொரு நாட்கள். அதில் முதல் இரண்டு நாட்கள் அதிர்ச்சியில் போயின. மிச்ச ஒன்பது நாட்களும், உண்மையைச் சொன்னால், நன்றாகவே போயின. மாமி வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். என் சட்டைக் கையின் நீளத்தைக் கண்ணாலேயே அளக்கிறவர். அடுத்த ஒழுங்கையில் குடியிருக்கும் பெண் யாருடைய மோட்டார் சைக்கிளில் ஏறினாள் என்பதை அவளுடைய தாய்க்கு முன்பே அறிந்து வைத்திருக்கிறவர். அப்படிப்பட்டவரின் இளமையில் ஒரு ரகசியம் இருக்கிறது, அது எனக்கு மட்டும் தெரியும் என்ற நினைப்பில் ஒரு சுகம் இருந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. நிறைய இல்லை, கொஞ்சம்.

இது வம்பளப்பில் வந்த சந்தேகம் அல்ல. எண்களில் இருந்து வந்தது.

நான் கம்பஸில் புள்ளிவிபரவியல் படிப்பிக்கிறவள். கணவருக்குக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், வேலை. பாலையூற்றில் அவருடைய பெற்றோரான மாமா மாமியோடு ஒரே வீட்டில் இருக்கிறோம். எனக்கு முதற்கரு கலைந்துபோனது. இரண்டாவது தங்கியபோது கிளினிக்கில் எடுத்த இரத்தத்தில் என் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிச் சிறியவை என்று கண்டார்கள். கணவரையும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவருடையவையும் சிறியவை. இரண்டு பேரும் தலசீமியாவைச் சுமப்பவர்கள் என்றார் டாக்டர்.

சுமப்பவருக்கு ஒன்றும் ஆகாது. அந்த மரபணு எல்லோரிடமும் இரண்டு பிரதியாக இருக்கிறது. எங்களிடம் ஒன்று பழுது, மற்றது நல்லது. நல்லதை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிடலாம். நானும் ஓட்டித்தான் வந்திருக்கிறேன், முன்கோபத்தைத் தவிர வேறு குறை இல்லை. ஆனால் பிள்ளை இரண்டு பேரிடமிருந்தும் பழுதானதையே வாங்கிக்கொண்டால் மாதா மாதம் இரத்தம் ஏற்றித்தான் வாழ வேண்டும். அதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு. அந்த நான்கில் ஒன்றை நான் எத்தனையோ வருடமாகக் கரும்பலகையில் எழுதி அழித்திருக்கிறேன். அதே எண் இப்போது வயிற்றுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

வயிற்றில் ஊசி ஏற்றி நீர் எடுத்துப் பார்க்கலாம், அதில் கரு கலைவதற்குச் சிறிய வாய்ப்பு உண்டு என்றார் டாக்டர். ஒருமுறை இழந்தவர்களிடம் சிறிய வாய்ப்பு என்று சொல்லிப் பயனில்லை. கணவர் கதிரையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். ஊசி வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். ஆனால் தெரிந்தாக வேண்டும். பிறந்த முதல் மாதத்திலிருந்தே ஆயத்தமாக இருக்க வேண்டுமா, அல்லது மற்றவர்களைப் போல வளைகாப்புக்கு என்ன சேலை என்று யோசிக்கலாமா என்று தெரியாமல் எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் என் சிநேகிதியின் ஞாபகம் வந்தது. என்னோடு ஒன்றாகப் படித்தவள். அவர்கள் ஊசியை வயிற்றுப் பக்கமே கொண்டு போகாமல் தாயின் கையிலிருந்து எடுத்த இரத்தத்தை வைத்தே பிள்ளையின் மரபணுவைப் பார்க்கும் ஆய்வு ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். தாயின் இரத்தத்தில் பிள்ளையின் மரபணுத் துணுக்குகளும் கொஞ்சம் மிதக்கின்றன. மிகக் கொஞ்சம். மீதியெல்லாம் தாயுடையவை. என்னை மட்டும் எண்ணினால் பழுதான பிரதியும் நல்ல பிரதியும் பாதிக்குப் பாதி இருக்கும். பிள்ளை என்னிடமிருந்து பழுதை எடுத்திருந்தால் பழுதின் பக்கம் ஒரு மயிரிழை கூடும். நல்லதை எடுத்திருந்தால் அந்தப் பக்கம் கூடும். அந்த மயிரிழையைக் கண்டுபிடிக்கக் கணக்கில்லாமல் துணுக்குகளை எண்ண வேண்டும்.

எவ்வளவு எண்ணுவது? அதற்குத்தான் எங்கள் ஆட்கள் ஓர் அழகான முறை வைத்திருக்கிறார்கள். தாளில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. எண்ணிக்கொண்டே போக வேண்டும். கணக்கு மேல்கோட்டைத் தாண்டினால் எடுத்திருக்கிறது, கீழ்க்கோட்டைத் தாண்டினால் எடுக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்கும்வரை வாயை மூடிக்கொண்டு எண்ண வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி நடுவில் நின்று வாயை மூடியிருந்த ஒருவரையும் நான் கண்டதில்லை. எனக்கு இரண்டாம் மாதமே பெண்பிள்ளை என்று மாமி முடிவு கட்டிவிட்டார். நான் புளிச்சோறு கேட்டேனாம். ஒரேயொரு தரவு.

ஆனால் இந்த எண்ணிக்கை தொடங்குவதற்கு முன் ஒரு வேலை இருந்தது. மரபணுவில் பழுதான எழுத்து தனியே பயணம் செய்வதில்லை. அதற்கு அக்கம்பக்கத்து எழுத்துகளும் கூடவே வருகின்றன, மூதூர் பஸ்ஸில் ஒரு குடும்பம் சேர்ந்து ஏறுவதைப் போல. எந்த எழுத்துகள் பழுதோடு வருகின்றன என்று அறிய எங்கள் இருவரின் பெற்றோரையும் பார்க்க வேண்டும். ஆகவே ஆளுக்கொரு குழாய் வந்தது, துப்பல் சேர்க்க. துப்புவதற்கு முன் அரை மணித்தியாலம் ஒன்றும் தின்னக் குடிக்கக் கூடாது.

என் அப்பா சொன்னபடி துப்பினார், அம்மா சாமி கும்பிட்டுவிட்டுத் துப்பினார். அம்மாவும் சுமப்பவர் என்று பின்னால் தெரியவந்தது. மாமி கோடு நிரம்பிய பிறகும் துப்பிக்கொண்டிருந்தார். மாமாதான் குழாயைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். மாமா துறைமுகக் கிடங்கில் பொறுப்பாக இருந்து ஓய்வுபெற்றவர். மாலையானால் நடக்கப் போகிறேன் என்று சைக்கிளில் போகிறவர்.

"உங்களுக்கு முன்னால துப்ப வெக்கமா இருக்கு பிள்ளை. நான் வெளியில போய்ச் செய்துகொண்டு வாறன்" என்று குழாயைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். இருட்டுவதற்குள் நிரம்பிய குழாயோடு வந்தார். எல்லோரையும் விட அளவாகத் துப்பியவர் மாமாதான் என்று நான் பாராட்டியும் வைத்தேன்.

சில நாட்களில் சிநேகிதி தொலைபேசியில் வந்தாள். குரலில் ஒரு தயக்கம்.

"நாலாம் இலக்கக் குழாய் பொருந்தேல்லடி. திரும்ப ஒண்டு அனுப்பு."

"பொருந்தேல்ல எண்டா?"

"பொருந்தேல்ல எண்டா பொருந்தேல்ல. ஒரு குழாய் பிழைச்சா மற்றதுகளையும் நம்ப ஏலாது. எல்லாம் நிப்பாட்டி வைச்சிருக்கிறம்."

நாலாம் இலக்கம் மாமா. நான் விடாமல் நச்சரித்ததில் எங்கள் குடும்பத்து அட்டவணையை அனுப்பிவிட்டு, "இதுக்கு மேல என்னோட கதைக்காத, எங்களுக்கு விதி இருக்கு" என்று வைத்துவிட்டாள். அட்டவணையைப் பார்த்தேன். கணவரிடம் பழுது இருக்கிறது. மாமியிடம் இல்லை. மாமாவிடமும் இல்லை. அப்படியானால் அது வானத்திலிருந்தா வந்தது? தகப்பனும் மகனும் ஒவ்வோர் இடத்திலும் ஓர் எழுத்தையாவது பங்குபோட வேண்டும். இங்கே இடத்துக்கு இடம் பங்கில்லை. நாலாம் இலக்கக்காரர் என் கணவரின் தகப்பனாக இருப்பதற்கு வாய்ப்பே இல்லை என்று என் பாடம் சொன்னது.

என் பாடம் வேறொன்றும் சொல்லும். குழாய் மாறுவது உலகத்தில் தினமும் நடக்கிற காரியம். என் மாமி மாறுவது நடக்காத காரியம். கையிலிருக்கும் தரவைப் பார்க்குமுன் எது எவ்வளவு நடக்கக்கூடியது என்று நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று இரண்டாம் வருட மாணவர்களுக்கு நான்தான் தொண்டை கிழியச் சொல்லிக்கொடுக்கிறேன். அதெல்லாம் வகுப்பில். வீட்டில் நான் ருசியான பக்கத்துக்குப் போய்விட்டேன்.

புதுக் குழாய் கொழும்பிலிருந்து வரும்வரை எனக்கு வேறு வேலை இருக்கவில்லை. கலியாண அல்பத்தை எடுத்து வைத்து ஆராய்ந்தேன். கணவரின் காது தொங்கல் காது. மாமாவுடையது ஒட்டிய காது. சாம்பல்தீவிலிருந்து மாதமொருமுறை மீன் கொண்டுவந்து தரும் தூரத்து உறவினர் ஒருவர் இருக்கிறார், மாமியோடு ஒன்றாகப் படித்தவர். அவருடைய காது தொங்கல் காது. அடுத்தமுறை அவர் வந்தபோது நானே தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை பக்கவாட்டிலேயே நின்றேன்.

"என்ன பிள்ளை, காதில ஏதும் ஊருதோ?" என்று அவர் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

மாமி குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "வயித்தில பிள்ளையோட ஏன் நிண்டுகொண்டிருக்கிறாய், இரு" என்றார். எனக்கு ஏதோ எல்லாம் விளங்கியதைப் போல இருந்தது. இந்த வயதிலும் எவ்வளவு துணிச்சல் என்று நினைத்தேன்.

விளையாட்டு ஒரு பக்கம் இருக்க, பகலில் தனியே இருக்கும்போது பயம் வந்துவிடும். சந்தேகம் சரியென்றால் மாமாவின் துப்பலால் பயனில்லை. உண்மையான தகப்பனிடம் போய்க் குழாயை நீட்ட வேண்டும். என்ன சொல்லி நீட்டுவது? கணவருக்கு இதை எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் எண்ணிக்கை தொடங்காது. கிழமைகள் ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே இருக்கிற பிள்ளை எந்தப் பிரதியை எடுத்தது என்று எனக்குத் தெரியாமலே வளர்ந்துகொண்டிருந்தது.

பதினோராம் நாள் குழாய் வந்தது. மாமா அப்போதுதான் நடக்கப் போயிருந்தார். இனி ஒரு நாளும் பொறுக்க ஏலாது என்று ஆட்டோ பிடித்து அவர் வழக்கமாக நடக்கிற இடத்துக்குப் போனேன், உள்துறைமுகத்து இறங்குதுறைக்கு. சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. சைக்கிளின் சொந்தக்காரர் கொங்கிரீட் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கிண்ணியாவைச் சேர்ந்த அவருடைய கூட்டாளி, கிடங்கில் நெடுங்காலம் கூட வேலை செய்தவர். இருவருக்கும் நடுவில் ஒரு சாப்பாட்டுப் பெட்டி. அதற்குள் வட்டிலப்பம், கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த இனிப்பு. மாமாவுக்குச் சீனி வருத்தம் வந்து எத்தனையோ வருடம். வீட்டில் கிழமைக்கு இரண்டு தரம் மாமி விரலில் குத்தி மெஷினில் பார்க்கிறவர்.

மாமா என்னைக் கண்டதும் கரண்டியை வாயிலிருந்து எடுக்க மறந்துவிட்டார். கூட்டாளி என் கையிலிருந்த குழாயைக் கண்டார். கைலேஞ்சியால் வாயை ஒற்றிவிட்டுக் கையை நீட்டினார்.

"கொண்டாங்க மகள். போனமுறை நான் துப்பினது காணாதாமா?"

அந்த நொடியில் என் மாமி மறுபடியும் உத்தமியானார். எனக்கு முதலில் வந்தது ஏமாற்றம் என்பதை மறைக்க மாட்டேன். இரண்டாவதாகத்தான் ஆத்திரம் வந்தது. வயது போன இரண்டு மனிதர்களையும் இறங்குதுறையில் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். மூதூர்ப் படகுக்குக் காத்து நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சீனி காட்டிக் குடுத்திடும் எண்டு பயந்தனான் பிள்ளை. அண்டைக்கும் ரெண்டு கரண்டி சாப்பிட்டிருந்தனான். உங்கட மாமிக்குத் தெரிஞ்சா…" என்றார் மாமா.

"எனக்கு சீனி இல்ல மகள். பிரஷரும் இல்ல. நல்ல பெறுபேறு வரட்டும் எண்டுதானே துப்பினேன்" என்றார் கூட்டாளி. அவருக்கு உண்மையிலேயே மனம் நொந்திருந்தது. கூட்டாளிக்காகச் சோதனை எழுதி முதலாம் பிரிவில் பாஸ் பண்ணிக் கொடுத்தவரை நான் திட்டுகிறேன். எங்கள் ஊரில் இரத்தம் பார்ப்பது என்றாலே பாஸ் பண்ண வேண்டிய காரியம்தான். கிளினிக் நாளுக்கு மூன்று நாள் முன்பிருந்து சோற்றைக் குறைத்துப் பாகற்காய் தின்றுவிட்டு, கிளினிக் முடிந்த கையோடு பேக்கரிக்குள் ஏறுகிறவர்கள் நாங்கள்.

மாமாவை வாய் கொப்பளிக்க வைத்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அரை மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். கூட்டாளி பள்ளிவாசலுக்குப் போகும் நேரம் என்று எழும்பினார். போகும்போது சாப்பாட்டுப் பெட்டியை மறக்காமல் என் மடியில் வைத்துவிட்டு, "பிள்ளைத்தாச்சி, நீங்க தின்னுங்க" என்றார். நான் தின்றேன். ஆத்திரத்திலும் வட்டிலப்பம் வட்டிலப்பம்தான்.

மாமா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"சீனி எண்டது வெறும் சாட்டு பிள்ளை."

நான் கரண்டியை வைத்தேன்.

"எனக்குக் கீழ ஒரு தங்கச்சி இருந்தவ. அப்ப நாங்கள் ஈச்சிலம்பற்றில. பிறந்து கொஞ்ச மாசத்திலயே வெளிறிப் போனா. வயிறு மட்டும் வீங்கிக்கொண்டு வந்தது. காமாலை எண்டாங்கள், செய்வினை எண்டாங்கள், கழிப்பும் கழிச்சவை. அஞ்சு வயசில போயிட்டா. டாக்குத்தர் சொன்னதை நீங்கள் வந்து வீட்டில சொல்லேக்க எனக்கு விளங்கிட்டுது, இது என்ர வீட்டில இருந்து வந்த சாமான் எண்டு. அதைக் கடதாசியில எழுதித் தந்திடுவாங்கள் எண்டுதான் பயந்தனான். என்ர பேரப்பிள்ளைக்கு நான் குடுத்தது இதுவோ எண்டு…"

எனக்கு ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை. அழுகை வந்தது. அழுதேன். இது ஒருவர் செய்யும் பிழை அல்ல, என்னிடமும் அதே பழுதுதான் இருக்கிறது, என் அம்மா எனக்குத் தந்தது, எது போகும் எது நிற்கும் என்று ஒருவரும் தீர்மானிப்பதில்லை என்று வகுப்பில் சொல்வதை விடத் தெளிவாகச் சொன்னேன். மாமா கிளினிக்கில் டாக்டருக்குத் தலையாட்டுவதைப் போல எனக்கும் ஆட்டினார். அரை மணித்தியாலம் முடிந்ததும் குழாயை வாங்கித் திரும்பி நின்று துப்பினார். வாய் காய்ந்திருந்ததால் கோடுவரை நிரம்ப நெடுநேரம் எடுத்தது. வட்டிலப்பத்தைப் பற்றி மாமியிடம் மூச்சு விடுவதில்லை என்று நானும், இனி சைக்கிளை விட்டு இறங்கி உண்மையிலேயே நடப்பதாக அவரும் ஒப்புக்கொண்டோம். அவர் நடப்பார் என்று நான் நம்பவில்லை.

இம்முறை குழாய் பொருந்தியது, மாமாவிடம் பழுதும் இருந்தது. எண்ணிக்கை தொடங்கியது. முதலில் தகப்பன் பக்கத்து முடிவு வந்தது.

"தகப்பனிட்ட இருந்து பழுதை எடுத்திருக்கடி" என்றாள் சிநேகிதி.

அதோடு நான்கில் ஒன்று இரண்டில் ஒன்றாகிவிட்டது. இனி எல்லாம் என்னிடமிருந்து எதை எடுத்தது என்பதில்தான். கணவருக்குச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமாவுக்கும் மாமிக்கும் இன்னும் முடிவில்லை என்று மட்டும் சொன்னோம்.

என் பக்கத்து எண்ணிக்கை நகரவில்லை. பிள்ளையின் துணுக்குகள் என் இரத்தத்தில் குறைவாக இருந்தனவாம். கணக்கு இரண்டு கோட்டுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டது. இன்னொரு முறை இரத்தம் கொடுத்தேன். தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் ஓடிப்போய் எடுத்தேன்.

"இன்னும் நடுவிலதான்."

"எந்தக் கோட்டுக்குக் கிட்ட?"

"உனக்குத் தெரியும்தானே, அப்பிடிக் கேக்கக் கூடாது."

எனக்குத் தெரியும். நான்தான் அதை மற்றவர்களுக்குப் படிப்பிக்கிறேன். வாழ்க்கையில் முதல்முறையாக நான் நடுவில் நின்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். மாமி மட்டும் ஒவ்வொரு நாளும் வயிற்றைப் பார்த்து, "ஒரு குறையும் இல்ல, எனக்குத் தெரியும்" என்று தன் கோட்டைத் தாண்டிக்கொண்டேயிருந்தார்.

ஒரு புதன்கிழமை, நான் குசினியில் வெங்காயம் வெட்டும்போது அழைப்பு வந்தது.

"கீழ்க்கோட்டைத் தாண்டீட்டுது. உன்ர பழுதை எடுக்கேல்ல. உன்னைப் போலச் சுமக்கிற பிள்ளை, அவ்வளவுதான். பிறந்த பிறகு ஒருக்கா இரத்தம் பாத்து உறுதிப்படுத்து."

கத்தி கையிலிருந்து விழுந்தது. மாமி ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைக்கு ஒன்றுமில்லை மாமி என்று அவருடைய தோளில் முகத்தை வைத்துச் சத்தமாக அழுதேன். "அதைத்தானே நான் எப்ப இருந்து சொல்லுறன்" என்றார், அவரும் அழுதுகொண்டே. இந்த மனுசியையா நான் சாம்பல்தீவுக் காதோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன் என்று இன்னும் கொஞ்சம் அழுதேன். மாமி அது சந்தோஷ அழுகை என்றே நினைத்திருக்கிறார். அப்படியே நினைக்கட்டும்.

மாமா மாலையில் சைக்கிளை நிறுத்தும்போதே மாமி வாசலுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மாமா சிரித்தார், கும்பிட்டார், செம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு மாமி உள்ளே போகும்வரை நின்றுவிட்டு, கிணற்றடிக்கு என்னைக் கூப்பிட்டார்.

"சுமக்கிற பிள்ளை எண்டா, ஒரு பழுது இருக்குத்தானே?"

"ஓம் மாமா. ஒண்டு. அதால ஒண்டும் ஆகாது. என்னையும் உங்கட மகனையும் போல."

"அது ஆரிட்ட இருந்து?"

ஒரு தவறான மாதிரிக்காக இரண்டு கிழவர்களைத் துறைமுகத்தில் வைத்துக் கிழித்தவள் நான். தரவில் கைவைப்பவனைப் பரீட்சை மண்டபத்திலிருந்து வெளியே அனுப்புகிறவள். மாமாவின் கை சைக்கிள் சாவியை உருட்டிக்கொண்டிருந்தது.

"என்னட்ட இருந்து மாமா. எங்கட அம்மாவின்ர வழி. உங்கட பக்கத்தில இருந்து ஒண்டும் வரேல்ல."

மாமா பெரிதாக மூச்சு விட்டார். அந்த முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வீட்டுப் பக்கம் இரண்டடி வைத்தவர் எதையோ யோசித்துவிட்டுத் திரும்பி வந்தார். குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார்.

"இதை உங்கட அம்மாவுக்குச் சொல்லிப் போடாதேங்கோ பிள்ளை. மனுசி நினைச்சு நினைச்சு அழுவா. எனக்குத் தெரியும் அது எப்பிடி இருக்கும் எண்டு. என்ர பக்கத்தில இருந்து வந்தது எண்டு சொல்லிவிடுங்கோ."

"சரி மாமா, அப்படியே சொல்லிவிடுறன்" என்றேன்.